அதே வண்டியில்தான் ஏறுவேன்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் வானத்திலிருந்து விழவில்லை. இறங்கினேன். இறங்கிய இடம் ஓடுபாதையாக இல்லாமல் அதற்குப் பக்கத்துப் புல்தரையாகப் போய்விட்டது. புல்லுக்குள் ஒரு மழைத்தண்ணி வாய்க்கால் இருந்தது. அதில் முன்சக்கரம் சிக்கி, விமானம் மூக்கைக் குத்தி வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது. அவ்வளவுதான். கதவைத் திறந்து என் காலாலேயே நடந்து வந்தேன். மோவாய் கிழிந்திருந்தது, தையல் போட்டார்கள். இதை அகரத்தில் வந்து சொல்லிப் பாருங்கள். "அந்தா போறான் பாரு, ஏரோப்ளேன்ல இருந்து விழுந்த பய" என்று டீக்கடையில் கை நீட்டுவார்கள். அம்புட்டு உயரத்தில் இருந்து விழுந்தவன் எப்படி டீ குடிக்க வருவான் என்று ஒருத்தருக்கும் தோன்றாது.

அகரம் என் ஊர். திண்டுக்கல்லில் இருந்து தாடிக்கொம்பு பக்கம் போனால் வரும். அப்பாவும் அம்மாவும் தக்காளி, கத்திரி போடுகிறார்கள். நான் இன்ஜினியரிங் முடித்தேன். கூடப் படித்தவன்கள் எல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரப் போனார்கள். என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியாது, சாப்பிடும்போதே தட்டோடு எழுந்து நடக்கிற ஆள் நான். விமானி ஆகப் போகிறேன் என்றேன். வீட்டில் சிரித்தார்கள், பிறகு திட்டினார்கள், பிறகு ஒருநாள் மடை மாற்றிக்கொண்டே அப்பா "சரி, போ" என்றார். அவர் மனசு மாறுவதற்குள் பெட்டியைக் கட்டிவிட்டேன்.

சேர்ந்தது வடகிழக்கே, பஸ்ஸில் போனால் அரை நாளைத் தின்றுவிடும் தூரத்தில், ஒரு சின்னப் பயிற்சித் தளம். ஒரு ஓடுபாதை, ஒரு கொட்டகை, இரண்டே இரண்டு பயிற்சி விமானங்கள். முன்னால் ஒரு காற்றாடி, உள்ளே இரண்டு பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்காரலாம். குட்டியானை என்று சொல்கிற சின்னச் சரக்கு வண்டியின் முன்சீட்டு அளவு இடம். அதைத்தான் எங்கள் ஊர் ஏரோப்ளேன் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு நான் தனியாகப் பறந்தேன். தளத்தில் இருந்து கிளம்பி, திண்டுக்கல் மலைக்கோட்டைப் பாறைக்கு மேலே ஒரு திருப்பம், மறுபடி தளம். வழியை நான்தான் வரைந்து ஒப்புதல் வாங்கினேன், எங்கள் ஊர் மேலே பறக்க வேண்டும் என்கிற ஒரே காரணத்துக்காக. மேலே இருந்து பார்த்தால் மலைக்கோட்டை வெயிலில் படுத்த எருமையின் முதுகு. அதைச் சுற்றி அகரம் பக்கம் வந்தேன். எங்கள் தோட்டத்துக் கிணறு வட்டமாக, கறுப்பாக, ஒரு பொத்தான் மாதிரி தெரிந்தது. அப்பா நிற்கிறாரா என்று தெரியவில்லை. இருந்தாலும் இறக்கையை ஒருமுறை ஆட்டிக் காட்டினேன். நிமிர்ந்து கருவிகளைப் பார்த்தால், மின்னோட்டம் காட்டுகிற முள் தவறான பக்கம் சாய்ந்து கிடந்தது.

அதாவது, ஓடிக்கொண்டே கரண்ட் தயாரிக்கிற ஆல்டர்னேட்டர் நின்றுபோய்விட்டது. இனி பேட்டரியில் மிச்சம் இருப்பதுதான் மிச்சம்.

இந்த இடத்தில் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். கரண்ட் போனால் இன்ஜின் நிற்காதா? நிற்காது. பேட்டரி செத்த பழைய மொபெட்டை உதைத்துக் கிளப்பினால் அது பாட்டுக்கு ஓடுகிறதல்லவா, அந்த மாதிரி. தனக்கு வேண்டிய நெருப்பை அதுவே உண்டாக்கிக்கொள்ளும். போவது மற்றவைதான்: ரேடியோ, விளக்கு, அப்புறம் ஃப்ளாப். ஃப்ளாப் என்பது இறக்கையின் பின்விளிம்பில் கீழே மடங்குகிற பலகை. இறங்கும்போது அதை இறக்கினால் விமானம் மெதுவாக வரும், கொஞ்ச தூரத்திலேயே நிற்கும். எங்கள் விமானத்தில் அதை ஏற்றி இறக்குவது ஒரு சின்ன மின்மோட்டார்.

சொல்லிக்கொடுத்ததை எல்லாம் ஒழுங்காகச் செய்தேன். ரேடியோவில் கூப்பிட்டேன். தூரம், பதில் வரவில்லை. வேண்டாத சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்தேன். கீழே திருச்சிக்குப் போகிற தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு அதன் மேலேயே வந்தேன். பயமே இல்லை. ஏதோ எனக்கென்றே வைத்த பரீட்சை மாதிரி உற்சாகமாகக்கூட இருந்தது. தளம் கண்ணுக்குத் தெரிந்ததும் ரேடியோவை மறுபடி போட்டேன். அதன் சின்ன விளக்கு மினுக்கி மினுக்கி மங்கியது.

அப்போதுதான் என் கை அந்தக் காரியத்தைச் செய்தது.

கரண்ட் போகப் போகிறது என்று தெரிந்தால் எங்கள் ஊரில் என்ன செய்வோம்? போறதுக்குள்ள எல்லாத்தையும் ஓட்டிருவோம். மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்பு, மாவை ஆட்டு, போனைச் சார்ஜில் போடு, துணியைத் தேய். "ஏலே, கரண்டு போகப்போகுதாம்டா!" என்று அம்மா ஒரு சத்தம் கொடுத்தால், தூங்கிக்கொண்டு இருக்கிறவனும் எழுந்து மோட்டார் ரூமுக்கு ஓடுவான். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கால் தானாக ஓடும். அந்த விளக்கு மங்கியதும் என் மண்டைக்குள் கேட்டது அம்மாவின் சத்தம்தான். போறதுக்குள்ள எறக்கிரு! ஃப்ளாப் கைப்பிடியை ஒரே தள்ளாகக் கடைசிவரைக்கும் தள்ளினேன். மோட்டார் முனகி முனகி, பலகைகள் முழுசாக இறங்கின. அத்தோடு பேட்டரி செத்தது. எனக்குச் சந்தோஷம். தொட்டி நிரம்பின சந்தோஷம்.

இறக்கியாகிவிட்டது. இனி ஏற்ற முடியாது. அந்த இரண்டாவது பாதி எனக்கு உறைக்கவே இல்லை.

ஃப்ளாப் முழுக்க இறங்கிய விமானத்தை ஓட்டுவது, எதிர்க்காற்றில் குடையை விரித்துக்கொண்டு சைக்கிள் மிதிக்கிற மாதிரி. இறங்குவதற்கு அது போதும். மேலே ஏறுவதற்கு ஆகாது. நான் ஓடுபாதையை நெருங்கித் தாழ வந்துவிட்டேன். என் ரேடியோ செத்துக் கிடப்பது தெரியாமல், இன்னொரு விமானம் கிளம்புவதற்காகப் பாதைக்குள் உருண்டு வந்து நின்றது. கொட்டகையில் இருந்து சிவப்பு விளக்கு காட்டினார்கள். இறங்காதே, மேலே போ என்று அர்த்தம். பார்த்தேன். பார்த்து என்ன செய்ய? வேகத்தை முழுக்கக் கொடுத்தேன். மூக்கு தூக்கியது, உடம்பு தூக்கவில்லை. பாதையின் கடைசியில் பனைமர வரிசை. அதைத் தாண்டமாட்டேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இடது பக்கம் புல்தரை காலியாக இருந்தது. அங்கே வைத்தேன்.

மிச்சத்தை மேலேயே சொல்லிவிட்டேன்.

தலைமைப் பயிற்சியாளர் கொங்குப் பக்கத்துக்காரர். கோபம் வந்தால் மரியாதை கூடும். அன்றைக்கு ஓடி வரவில்லை, நடந்தேதான் வந்தார். என் மோவாயைப் பார்த்தார். "ஒண்ணும் ஆகலீங்களே தம்பி?" என்றார். பிறகு வளைந்துபோன காற்றாடியைப் பார்த்தார். தையல் போட்டுத் திரும்பியதும் அறைக்குக் கூப்பிட்டார்.

"ஏனுங்க தம்பி, கரண்டு போறதுக்கு முந்தி ஃப்ளாப்ப முழுசா எறக்கி வச்சுக்கோணும்னு எந்தப் புஸ்தகத்துலீங்க இருக்குது?"

"புஸ்தகத்துல இல்ல சார். எங்க ஊர்ல இருக்கு."

"எறக்காம வந்திருந்தா மேல ஏறி இன்னொரு சுத்து சுத்தி வந்திருப்பீங்க. இல்லீங்களா?"

"ஆமா சார்."

"அடுத்த தடவ மேல போறப்ப உங்க ஊரக் கீழயே வச்சுட்டுப் போங்க."

திட்டுத்தான். ஆனால் எனக்குக் கேட்டது "அடுத்த தடவை" மட்டும்தான். விசாரணை முடியட்டும், விமானம் சரியாகி வரட்டும், அதுவரைக்கும் ஊரில் இருங்கள், வந்ததும் கூட உட்கார்ந்து பார்க்கிறேன், தனியாக விடுவதா வேண்டாமா என்று அப்போது சொல்கிறேன் என்றார். அன்றிலிருந்து எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். அவர் விமானத்துக் கதவைத் திறந்து இறங்கிப் போய், என்னைத் தனியாக விட வேண்டும்.

ஊருக்கு வந்தேன். சொந்தபந்தம் எல்லாம் துக்கம் விசாரிக்கிற மாதிரி வந்தார்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலோடு, சாத்துக்குடியோடு. வந்து உட்கார்ந்து என் மோவாயைப் பார்த்து உச்சுக் கொட்டி, பிறகு மெதுவாக ஆரம்பிப்பார்கள்.

"ஆகாசத்துலயும் கரண்டு கட்டா அப்பு? அங்க யாரு லைன்மேனு?"

"போன் பண்ணுனேன் சித்தப்பா, எடுக்கல."

"மேல இருந்து எங்க வீடு தெரிஞ்சுச்சா?"

"தெரிஞ்சுச்சு. மாடியில காயப்போட்டிருந்த உங்க வேட்டி கிழிஞ்சிருந்ததுகூடத் தெரிஞ்சுச்சு."

சிரிப்பார்கள். போகும்போது அம்மாவிடம் தனியாக, தணிந்த குரலில், "போதும்த்தா. இருக்கிறது ஒண்ணு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்தத் தணிந்த குரல்தான் எனக்கு எரிச்சல். ரோட்டில் மோதிக்கொண்டு காலில் மாவுக்கட்டோடு இருக்கிறவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. அவர்களிடம் யாரும் "இனி ரோட்டுப் பக்கம் போகாதே" என்று சொல்வதில்லை.

அம்மா அப்படிச் சொல்லவில்லை. அதையும் சொல்ல வேண்டும். தோட்டத்தில் என் கூடவே களை எடுத்துக்கொண்டு, நான் காற்றைப் பற்றியும் இறக்கையைப் பற்றியும் உளறுவதைக் கேட்டுக்கொண்டாள். கொஞ்ச நாளில் அவளே, "அப்ப திரும்ப எப்பத்தான் கூப்புடுவாக?" என்று கேட்கிற அளவுக்கு வந்தாள். எல்லாம் சரியாகத்தான் போனது. நான்தான் கெடுத்தேன்.

சாப்பிட்டுக்கொண்டு இருக்கும்போது தளத்தில் இருந்து போன் வந்தது. விசாரணை முடிந்தது, விமானம் தயார், வரலாம். இன்னொரு விமானம் இன்ஜின் வேலைக்காக வெளியூர் போயிருக்கிறது. நான் துள்ளிக் குதித்து, "அதே வண்டிதான்! எனக்கு அதே வண்டியத்தான் தர்றாங்க!" என்று கத்தினேன்.

கத்திரிக்காய் வெஞ்சனம் வைக்க வந்த அம்மாவின் கை கரண்டியோடு அப்படியே நின்றது.

இதைப் புரிந்துகொள்ள எங்கள் குட்டியானை கதை தெரிய வேண்டும். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் அப்பாவிடம் சொந்தமாக ஒரு குட்டியானை இருந்தது. ஒரு விடிகாலை, சந்தைக்குத் தக்காளி ஏற்றிக்கொண்டு போனவர், தாடிக்கொம்பு ரோட்டு வளைவில் வண்டியோடு சாய்ந்துவிட்டார். அவருக்கு முழங்கை சிராய்ப்பு. ரோடெல்லாம் தக்காளி. "பிரேக் அடிச்சேன், சாஞ்சிருச்சு" என்று மட்டும் சொன்னார். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு ஆளைச் சாய்த்த வண்டியில் அந்த ஆள் மறுபடி ஏறக்கூடாது. ஒருதரம் சாய்ச்சது மறுதரம் காவு கேட்கும் என்பார்கள். பூசணிக்காய் உடைத்து, ஆசாரியைக் கூப்பிட்டு நெளிவெடுத்து, பெயிண்ட் அடித்து, யார் கேட்டாலும் விற்றுத் தள்ளிவிட வேண்டும். வாங்குகிறவனுக்கு ஒன்றும் ஆகாது, அந்தக் கணக்கு நமக்கும் வண்டிக்கும்தான். அந்த வாரமே விற்றார். வாங்கினவர் பக்கத்து ஊர்த் தேங்காய் வியாபாரி. அந்த வண்டி இன்றைக்கும் அதே ரோட்டில் ஜோராக ஓடுகிறது. எதிரே வந்தால் அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார், வரப்புத் தகராறில் பேச்சை முறித்த பங்காளியைப் பார்த்த மாதிரி.

"நீ போ. வேணாங்கல" என்றாள் அம்மா. "ஆனா அந்த வண்டியில ஏறாத. இன்னொண்ணு வரட்டும், அதுல ஏறு."

"அது எப்ப வரும்னு அவங்களுக்கே தெரியாதும்மா."

"தெரியிறப்பப் போ."

எங்கள் வீட்டில் அம்மா குறுக்கே கட்டை போட்டால் அப்பா அதைத் தாண்டமாட்டார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிசைந்த சோறு கூழாகிப் போனது.

மறுநாள் என்னைச் சரிக்கட்ட மாமாவிடம் அனுப்பினாள். மாமா அம்மாவின் தம்பி. திண்டுக்கல் நாகல் நகரில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறார். கடைக்குள் எப்போதும் வார்னிஷ் வாசனை. ரெண்டு பேர் மோட்டாரைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கும் என் கதை தெரியும், முழுக்கக் காது கொடுத்தார்கள்.

"வாங்க மாப்ள. கரண்டு வந்துருச்சா?"

"மாமா, நான் ஒண்ணு கேக்குறேன். கருகின மோட்டார என்ன பண்றீங்க?"

"காயில் கட்டிக் குடுக்குறேன்."

"அதே கெணத்துலதான எறக்குறாங்க? அதுக்கு மட்டும் தோசம் கிடையாதா?"

"மோட்டார்ல எவன்டா ஏறி உக்காந்து போறான்?"

உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். இருந்தாலும் நான் விடவில்லை. வண்டி எந்தத் தப்பும் செய்யவில்லை மாமா, ஆல்டர்னேட்டரில் ஒரு வயர் விட்டுப்போனது, புதுசு போட்டுவிட்டார்கள், ஃப்ளாப்பை இறக்கியது என் கை, அதற்கு வண்டி என்ன செய்யும், வண்டிக்குத் தோசம் என்றால் என் கைக்குத் தோசம் இல்லையா, கையை விற்றுவிடவா என்று மூச்சு விடாமல் பேசினேன்.

மாமா எழுந்து வந்து என் தோளில் கை போட்டு வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். "மாப்ள, இம்புட்டு எதுக்குப் பேசுற? அக்கா சத்தியம் கேக்கும். பண்ணிட்டுப் போ. அங்க போயி நீ எதுல ஏறுனன்னு அக்காவுக்கு எப்படித் தெரியப் போவுது? ரெண்டும் ஒரே வெள்ளைதான?"

ஒரு நிமிடம் ஆசையாகத்தான் இருந்தது. அவ்வளவு சுலபம். ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும்போது யோசித்துப் பார்த்தேன். திருடன் மாதிரி ஏறவா? அதே விமானத்தில் ஏறி, இறங்கி, "வேற வண்டிதாம்மா" என்று போனில் சொல்லவா? அப்படிச் சொன்னால் அந்த வண்டி கெட்டது என்று நானும் ஒத்துக்கொண்ட மாதிரி. மாட்டேன்.

சாயங்காலம் அம்மா விளக்கு வைத்தாள். தட்டில் சூடம் ஏற்றிக்கொண்டு என் எதிரே வந்து நின்றாள்.

"அந்த வண்டியில ஏற மாட்டேன்னு சூடத்த அணச்சு சத்தியம் பண்ணு. நாளைக்கே போ."

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"பண்ண மாட்டேம்மா."

"ஏன்?"

"ஏன்னா அதுலதான் ஏறுவேன்."

"பொய்யாவது சொல்லுடா" என்றாள். சத்தியமாக அப்படித்தான் சொன்னாள். கண் கலங்கியிருந்தது. சூடத்து வெளிச்சம் அதில் ஆடியது.

"உங்கிட்டப் பொய் சொல்லிட்டு ஏறுனாத்தான் எனக்குப் பயமா இருக்கும். சொல்லிட்டே ஏறுறேன்."

அப்பா கட்டிலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சூடம் அணைக்க ஆளில்லாமல் கடைசிவரைக்கும் எரிந்து, தானாகவே அணைந்தது. அம்மா கரி பிடித்த தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதற்கப்புறம் என்னிடம் பேசவில்லை. காலையில் பைக்குள் துணிமணி மடித்து வைத்திருந்தது, அதில் என் கிழிந்த சட்டை தைக்கப்பட்டிருந்தது, ஆனால் பேச்சு இல்லை.

அப்பா பைக்கில் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோய் விட்டார். தாடிக்கொம்பு ரோட்டில் எதிரே தேங்காய் ஏற்றிக்கொண்டு எங்கள் பழைய குட்டியானை வந்தது. அப்பா வழக்கம்போல முகத்தைத் திருப்பினார். நான் பின்னால் இருந்து கையை உயர்த்தி நன்றாக ஆட்டினேன். வண்டிக்காரர் ஹாரன் அடித்துவிட்டுப் போனார்.

"அவனுக்கு எதுக்குடா கை காட்டுற?"

"அவருக்கு இல்லப்பா. வண்டிக்கு."

பஸ் ஏற்றிவிடும்போது அப்பா, "பாத்து ஏறு" என்றார். பஸ்ஸைச் சொன்னாரா எதைச் சொன்னாரா தெரியாது.

விமானம் கொட்டகைக்கு வெளியே நின்றது. புதுக் காற்றாடி. மூக்கில் புதிதாக அடித்த வெள்ளை, மற்ற வெள்ளையைவிடக் கொஞ்சம் வெளுப்பு. பக்கத்தில் போய் நின்றேன். பயம் இல்லை என்று சொல்லமாட்டேன். தையல் போட்ட இடத்தில் இருந்தது. ஆனால் பயம் வேறு, தோசம் வேறு. பயத்தைச் சோதித்துப் பார்க்கலாம், ஒவ்வொரு திருகாக, ஒவ்வொரு வயராக. அன்றைக்கு அப்படித்தான் சோதித்தேன். தலைமைப் பயிற்சியாளர் கையைக் கட்டிக்கொண்டு நின்று, "கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்குறீங்களா தம்பி?" என்று கேட்கிற வரைக்கும்.

அவர் வலது சீட்டில் உட்கார்ந்தார். கிளம்பினோம். வெகுநேரம் வெளியே ஆடு மேய்வதைப் பார்த்துக்கொண்டு வந்தார். தளத்துக்குத் திரும்பும்போது, சொல்லாமல் கொள்ளாமல் கையை நீட்டி மெயின் சுவிட்சை அணைத்தார். ரேடியோ செத்தது.

"கரண்டு போயிருச்சுங்க. என்ன பண்றீங்க?"

என் கை எழுந்தது. பொய் சொல்வானேன், எழுந்தது. ஃப்ளாப் கைப்பிடிக்கு நேராகப் போனது. சுவிட்ச் அணைந்து கிடக்கும்போது அதைத் தள்ளியும் பிரயோஜனம் இல்லை. அது கைக்குத் தெரியாது. எங்கள் ஊர்க் கை அது, தொட்டி நிரப்பியே பழகியது. அதைப் பிடித்து இழுத்துத் தொடைமேல் வைத்தேன். அவர் பார்த்துவிட்டார் என்பதும் தெரிந்தது.

"ஃப்ளாப் வேணாம் சார். அப்படியே வேகமா வந்து நீளமா எறங்குறேன். பாதை காலியான்னு கண்ணால பாத்துக்கிறேன்."

"ம்."

தாழ வந்தோம். ஓடுபாதை விரிந்து வந்தது. இன்னும் கொஞ்சம்தான் என்கிறபோது அவர், "பாதையில மாடுங்க தம்பி!" என்று கத்தினார். மாடு எதுவும் இல்லை. எனக்குப் புரிந்தது. வேகத்தை முழுக்கக் கொடுத்தேன். இந்தத் தடவை உடம்பும் தூக்கியது. ஏறியது பாருங்கள், அந்த வண்டி, கெட்ட வண்டி, விழுந்த வண்டி, அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி மாதிரி ஏறியது. அன்றைக்கு என் முகத்துக்கு நேரே நின்ற பனைமரங்கள் இன்றைக்குக் காலுக்குக் கீழே போயின. நான் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "மாடு போயிருச்சுங்க. எறங்குங்க" என்றார்.

ஃப்ளாப் இல்லாமல் வேகமாக வந்து, நீளமாக ஓடி, பாதை முடிவதற்கு முன்னால் நிறுத்தினேன். வாய்க்கால் இடதுபக்கம் புல்லுக்குள் சும்மா கிடந்தது.

அவர் மெயின் சுவிட்சைப் போட்டார். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. கதவைத் திறந்தார். பெல்ட்டைக் கழற்றி, காலி சீட்டில் அது ஆடாமல் இழுத்துக் கட்டினார். காற்றாடிச் சத்தத்தில் குனிந்து என் காதுக்குப் பக்கத்தில் கத்தினார்:

"ஒரு சுத்துப் போயிட்டு வாங்க! தனியா!"

போனேன். வந்தேன். அதைப் பற்றி அதிகம் எழுத எதுவும் இல்லை. அதுதான் அதில் விசேஷம்.

கொட்டகை நிழலுக்கு வந்ததும் அம்மாவுக்குப் போன் போட்டேன். எடுத்தாள். பேசவில்லை. பின்னால் தோட்டத்து மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது.

"அம்மா, அதே வண்டியில ஏறி, எறங்கிட்டேன். தனியா."

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு, "இந்தாங்க, உங்க மகன்" என்று போன் கைமாறியது.

"அப்பு" என்றார் அப்பா. "நல்லபடியா எறங்குனியா?"

"எறங்கிட்டேன்ப்பா. பாதையிலயே."

"சரி." கொஞ்சம் இழுத்தார். "இன்னைக்குச் சந்தைக்குப் போற வண்டி வரல. பறிச்ச தக்காளி கெடக்கு. அவன் வண்டி சும்மா போச்சு. ஏத்தி விட்டேன்."

"எவன் வண்டி?"

"அதான்டா. நம்ம வண்டி."

"நீங்களும் ஏறுனீங்களா?"

"தக்காளி தனியாவா போகும்?" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, கூட்டாளியிடம் சொல்கிற மாதிரி, "பிரேக்கு இன்னும் எடப்பக்கமே இழுக்குதுடா. அவன் சரி பண்ணவே இல்ல."

"இன்னுமா? அப்ப அன்னைக்கும் இழுத்துச்சாப்பா?"

"அன்னைக்கும் இழுத்துச்சு."

பின்னால் இருந்து அம்மாவின் குரல். அவ்வளவு நாள் அடைத்து வைத்திருந்தது மொத்தமும் மடை உடைந்த மாதிரி வந்தது. போனைக் காதில் இருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.

"பிரேக்கா! பிரேக்கு இழுத்ததுக்கா பூசணிக்காய் ஒடச்சோம்? இத்தன வருசமா வாயத் தொறந்தீங்களா? குடுங்க போன இங்கிட்டு! டேய், அந்த வண்டியில பிரேக்கு சரியா இருக்கான்னு பாத்தியாடா? நல்லாப் பாத்தியா?"

"பாத்தேம்மா. ரெண்டு பக்கமும் ஒண்ணா புடிக்குது."

"நாளைக்கும் பாத்துட்டு ஏறு" என்றாள் அம்மா.